ஆல்ரவுண்டரை எதைக் கொண்டு அளப்பது?

புரோ கபடி லீகில் வாரம் முடிந்ததும் ஆல்ரவுண்டர்களின் தரவரிசை வந்துவிடுகிறது. பட்டியல் போடுபவர்கள் பலர், முறை ஒன்றுதான். ரெய்டில் எடுத்த புள்ளி, டேக்கிளில் எடுத்த புள்ளி, இரண்டையும் கூட்டு. கூடுதலாக வந்தவரை மேலே வை. இந்த முறையைச் சோதிக்கப் புனேயைவிடப் பொருத்தமான களம் இல்லை. மஞ்சீத் சில்லர், தீபக் ஹூடா, சந்தீப் நர்வால், அஸ்லம் இனாம்தார், முகமதுரெசா ஷாத்லூயி என இருபுறமும் ஆடத் தெரிந்தவர்களை நம்பியே தன்னைக் கட்டிக்கொண்ட அணி புனேரி பல்டன்.

நிறையை முதலில் சொல்லிவிடலாம். கூட்டல் முறைக்கு ஒளிவுமறைவு கிடையாது. யார் கணக்கிட்டாலும் ஒரே விடை வரும். பெயருக்கோ புகழுக்கோ அதில் சலுகை இல்லை. நேற்று வந்த இளைஞனும் கோடிகளுக்கு ஏலம் போனவரும் ஒரே தராசில் நிற்கிறார்கள். தரப்படுத்தலுக்கு இது குறைந்தபட்சத் தகுதி. கபடியில் பெரும்பாலான பேச்சு இந்தக் குறைந்தபட்சத்தைக்கூட எட்டாதிருந்த காலத்தை நினைத்தால், இதைச் சாதனை என்றே சொல்ல வேண்டும்.

குறை, எதை எண்ணுகிறோம் என்பதில் தொடங்குகிறது. ஒரு பிடியை அருகிலிருந்து பாருங்கள். ரெய்டர் போனஸ் கோட்டை நோக்கிக் காலை நீட்டுகிறார். கார்னர் கணுக்காலைப் பற்றுகிறார். ரெய்டர் துள்ளித் திமிறும்போது, கைகோத்து நின்ற கவர் தோளால் மோதி அவரை லாபிக்கு அப்பால் தள்ளுகிறார். பிடியை முடித்தது இருவர். புள்ளி ஏறுவது ஒருவர் பெயரில். மோதாமல், கோட்டுக்குத் திரும்பும் வழியை மட்டும் அடைத்து நின்ற மூன்றாமவர் கணக்கிலேயே இல்லை. 2016-இல் பாட்னாவுக்குக் கோப்பை வென்று தந்த தமிழகத்தின் தர்மராஜ் சேரலாதன் மறு ஆண்டு புனேக்கு ஆடினார். அவரைப் போன்ற அனுபவசாலி பக்கத்தில் நிற்கும் இளையவரைச் சரியான நொடிவரை பொறுக்க வைப்பதும் ஆட்டத்தின் பகுதிதான். கூட்டல் முறையில் அதற்கு இடமில்லை.

இரண்டாவது குறை இன்னும் நுட்பமானது. களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் அது சூப்பர் டேக்கிள். ஒரு புள்ளி கூடுதல். அவசரப்பட்டுப் பாய்ந்து தோற்ற டிஃபெண்டர் எதிரணிக்குப் புள்ளியும் தந்து தானும் வெளியேறுகிறார், அணி மெலிகிறது. பிறகு உள்ளே வந்து, மெலிந்த அணியில் ஒரு பிடி பிடித்தால் அவருக்கு இரட்டைப் புள்ளி. தான் உண்டாக்கிய நெருக்கடியைத் தானே பாதி தீர்த்தவர், நெருக்கடியே வராமல் காத்தவரை முந்திவிடுகிறார். விதியில் பிழையில்லை, ஆட்டத்தை உயிரோடு வைக்க அது தேவை. அதையே தகுதிக்கான அளவுகோலாக எடுத்துக்கொள்வதில்தான் பிழை.

மூன்றாவது, சூழல். இரண்டு புள்ளி முன்னிலையில், கடைசி நிமிடத்தில், 30 விநாடியையும் செலவழித்துப் பிடிபடாமல் திரும்பும் ரெய்டு அணிக்கு ஆட்டத்தையே தருகிறது. பட்டியலில் அதற்குப் பூஜ்யம். முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தில் எடுத்த தொடுபுள்ளிக்கு முழு மதிப்பு. வாரக் கணக்கில் இன்னொரு கோணலும் உண்டு: ஒருவருக்கு இரண்டு ஆட்டம், மற்றவருக்கு ஒன்று. மொத்தத்தை வைத்து வரிசைப்படுத்தினால் அட்டவணையே நடுவராகிவிடுகிறது.

அமெரிக்க ஃபுட்பாலிலும் இதே வழக்கு உண்டு. அங்கே டைட் எண்ட் என்பவர் தடுப்பு வரிசையின் ஓரத்தில் நின்று எதிராளியை முட்டி வழி திறக்க வேண்டும். அடுத்த நகர்வில் ஓடிப் பந்தைப் பிடிக்கவும் வேண்டும். 1961-இல், தம் முதல் சீசனிலேயே 56 பந்துகளைப் பிடித்து 1,076 கெஜம் கடந்த மைக் டிட்கா அந்த இடத்தின் இலக்கணத்தையே மாற்றினார். ஃபேன்டஸி லீகுகள் வாரந்தோறும் டைட் எண்டுகளை வரிசைப்படுத்தும்போது எண்ணுவது பிடித்த பந்து, கடந்த கெஜம், டச்டவுன். முட்டியதற்குப் புள்ளி இல்லை. இரட்டைப் பொறுப்புள்ள இடத்தை ஒற்றைப் பலனால் அளக்கும் பழக்கம் இரு நாட்டுக்கும் பொது.

இப்போது சான்றுக்கு வருவோம். 10-வது சீசனில் புனே 22 லீக் ஆட்டங்களில் 17 வென்று, 3 சமன் செய்து, 96 புள்ளியுடன் முதலிடம் பிடித்தது. 2024 மார்ச் 1 அன்று ஹைதராபாத்தில் ஹரியானா ஸ்டீலர்ஸை 28-25 என்று வீழ்த்தி முதல் கோப்பையை எடுத்தது. அந்த சீசனின் சிறந்த ரெய்டர் 276 ரெய்டு புள்ளி எடுத்த டெல்லியின் அஷு மாலிக். அஸ்லம் அந்த எண்ணுக்கு அருகிலும் இல்லை. மிக மதிப்புமிக்க வீரர் விருதோ அவருக்குத்தான். 2.35 கோடி ரூபாய்க்கு வந்த ஷாத்லூயி 99 டேக்கிள் புள்ளியுடன் சிறந்த டிஃபெண்டர். இறுதியாட்டத்தில் பங்கஜ் மோஹிதே ஒரே ரெய்டில் எடுத்த 4 புள்ளி பெரிய திருப்பம். சுமையைப் பகிர்ந்துகொண்ட அணி இது. அத்தகைய அணியில் தனிமனிதக் கூட்டுத்தொகை தாழ்வது குறையல்ல, கட்டமைப்பின் வெற்றி.

எதிர்த்தரப்பு வாதத்துக்கும் வலு உண்டு. அடுத்த சீசனில் ஷாத்லூயி ஹரியானாவுக்குப் போனார். அஸ்லம் காயத்தால் விலகினார். புனே ப்ளேஆஃபுக்கு வரவில்லை. ஹரியானா கோப்பையை எடுத்தது, அதுவும் புனேயின் பாலேவாடி அரங்கிலேயே. அணியின் வெற்றிதான் ஆல்ரவுண்டரின் அளவுகோல் என்று இதைக் கொண்டு சொல்லத் தோன்றும். ஆனால் 12-வது சீசனில் அதே ஷாத்லூயி ஆடிய குஜராத் ப்ளேஆஃபை எட்டவில்லை. அவர் திறமை ஓராண்டில் கரைந்துவிடவில்லை. சுற்றியிருந்த அணி வேறு. தனிப்புள்ளி எவ்வளவு குறையுள்ள சான்றோ, அணியின் முடிவும் அவ்வளவே குறையுள்ள சான்று.

ஆக என் முடிவு இது. கூட்டல் தரவரிசை நேர்மையான பதிவேடு, தீர்ப்பு அல்ல. அது தீர்ப்பாக வேண்டுமானால் மூன்று திருத்தம் தேவை. மொத்தத்துக்குப் பதில் ஆட்டத்துக்கான சராசரி. தோற்ற டேக்கிளையும் கணக்கில் சேர்த்த வெற்றி விகிதம். ரெய்டு, டேக்கிள் இரண்டையும் தனித்தனியே மதிப்பிட்டு, இரண்டில் தாழ்ந்ததற்குக் கூடுதல் எடை. ஒரு கையால் மட்டும் சம்பாதிப்பவரை ஆல்ரவுண்டர் வரிசையின் உச்சியில் வைக்க அப்போது வழியிருக்காது. ஷாத்லூயி ஒரே ஆட்டத்தில் 16 டேக்கிள் புள்ளி எடுத்தவர். இந்த லீக் கண்ட மிகப் பெரிய டிஃபெண்டர்களில் ஒருவர். ஆயினும் ஆல்ரவுண்டர் என்ற தலைப்பின் கீழ், 10-வது சீசனின் அஸ்லமையே நான் அவருக்கு மேலே வைப்பேன். இருபுறமும் அணியின் வேகத்தை நிர்ணயித்தவர் அவர்.

2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஃபேன்டஸி போட்டிகளை மூடியது. அந்தப் போட்டிகளுக்காகவும் போடப்பட்ட இந்த வாரப் பட்டியல்கள் இனி பந்தயத்துக்கு உடனடி விடை தர வேண்டிய கட்டாயத்தில் இல்லை. அவசரம் போன பிறகும் அளவுகோல் மாறவில்லையென்றால், அந்தக் குறைக்குப் பொறுப்பு சந்தை அல்ல, பட்டியல் போடும் நாம்தான்.