காதுக் கருவிக்கு மணல் தெரியுமா?

விடியற்காலையில் கருக்களாச்சேரிக் கடற்கரைக்குச் சென்றால் இருவகை ஓட்டங்களைக் காணலாம். ஒன்று, படகை அலையில் தள்ளிவிட்டுத் தாவி ஏறுகிறவர்களின் ஓட்டம். மற்றொன்று, இராணுவம், காவல்துறை என்று ஏதேனும் ஓர் ஆள்சேர்ப்பை மனத்தில் வைத்துப் பயிற்சி செய்யும் இளைஞர்களின் ஓட்டம். இவர்களுள் சிலருடைய காதுகளில் இப்போது அசைவு உணரும் ஹெட்போன் இருக்கிறது. என் அக்காள் மகனும் ஒன்று வாங்கி வந்தான். “மாமா, இது பாட்டு மட்டுமா போடுது? எத்தனை அடி வெச்சேன், எவ்வளவு தூரம், எத்தனை கலோரி, எல்லாம் சொல்லுதே!” என்றான்.

சொல்லுகிறது, உண்மைதான். சொல்வது சரியா என்பதே நம் கேள்வி.

இக்கருவியின் உயிர்நாடி முடுக்கமானி. அரிசி மணியளவே ஆன ஒரு சில்லுக்குள், சிலிக்கானால் ஆன நுண்ணிய நிறை ஒன்று, அதே சிலிக்கானால் ஆன வில்களில் தொங்குகிறது. உடல் அசையும்போது இந்த நிறை சற்றே பின்தங்கும். அதனால் சீப்புப் பற்களைப் போன்ற தகடுகளின் இடைவெளி மாறும். மின்தேக்குத் திறனும் மாறும். அந்த மாற்றத்திலிருந்து முடுக்கம் கணக்கிடப்படுகிறது. மோட்டார் கார் மோதும்போது காற்றுப் பையை விரியச் செய்வதற்காக 1990-களில் பெருமளவில் உருவாக்கப்பட்ட நுட்பம், இன்று காதுவரை வந்துவிட்டது.

அடிகளை எண்ணுவதில் இக்கருவி கெட்டிக்காரன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மணிக்கட்டில் கட்டும் கருவியைக் கையசைவு ஏமாற்றும். தலையோ, ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை ஏறி இறங்குகிறது. நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதை அறிய வேண்டுமென்றால் காது நல்ல இடம்தான்.

தொல்லை தூரத்தில் தொடங்குகிறது. முடுக்கத்தை ஒருமுறை தொகையிட்டால் திசைவேகம், மறுமுறை தொகையிட்டால் தூரம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அப்படியே செய்தால் என்ன ஆகும்? அளவீட்டில் 0.01 மீ/வி² பிழை இருப்பதாகக் கொள்வோம். இது புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. பத்து நிமிடம், அதாவது 600 விநாடி கழித்து, ½ × 0.01 × 600² = 1800 மீட்டர்! அசையாமல் உட்கார்ந்திருப்பவர் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டார் என்று கணக்கு வரும். ஆகவே இத்தகைய கருவிகள் அந்த வழியை விட்டுவிட்டு, அடிகளின் எண்ணிக்கையைச் சராசரி அடி நீளத்தால் பெருக்குகின்றன. அல்லது கைப்பேசியின் செயற்கைக்கோள் இடங்காட்டியிடம் கடன் வாங்குகின்றன.

கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவன் கதி என்ன? தார்ச்சாலையில் ஒரு மீட்டர் எட்டுகிற கால், உலர்ந்த மணலில் 90 சென்டிமீட்டர்தான் எட்டுகிறது என்று வையுங்கள். கருவி 1600 அடிகளை எண்ணி “1.6 கிலோமீட்டர் முடிந்தது” என்று காதில் வாழ்த்தும். ஓடியதோ 1440 மீட்டர். இராணுவ ஆள்சேர்ப்பில் ஓட வேண்டிய தூரம் சரியாக 1.6 கிலோமீட்டர். மிச்சமுள்ள 160 மீட்டரைத் தேர்வு நாளன்று யார் ஓடுவார்?

கலோரிக் கணக்கு இதைவிட மோசம். கெட்டியான தரையில் ஓட, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குத் தோராயமாக ஒரு கிலோகலோரி செலவாகும். 60 கிலோ எடையுள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 300. ஆனால் மணல் கெட்டியான தரையன்று. 1998-இல் லெஜூன், வில்லெம்ஸ், ஹெக்லண்ட் ஆகிய ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவீட்டின்படி, மணலில் ஓட 1.6 மடங்கு ஆற்றல் வேண்டும், நடக்கவோ 2.1 முதல் 2.7 மடங்கு வரை வேண்டும். கால் மணலைத் தள்ளுவதில் வேலையின் ஒரு பகுதி வீணாகிறது. கெட்டித் தரையில் வில்லைப்போல் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தரும் தசைநாண்களும் இங்கே அவ்வளவாக உதவுவதில்லை. ஆக, மணலில் உண்மைச் செலவு 480-ஐ நெருங்கும். காலடியில் இருப்பது தாரா மணலா என்று காதிலிருக்கும் கருவி அறியாது. அது 300-ஐ ஒட்டியே சொல்லும். மீன் ஏலம் முடிந்து கூடையோடு மணலில் நடந்து வரும் அம்மாவின் உழைப்பை இக்கருவியிடம் கேட்டால் என்ன சொல்லுமோ!

‘காலில் விழும் அதிர்ச்சியையும் அளக்கும்’ என்ற விளம்பரத்தையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். ஓடும்போது முன்னங்கால் எலும்பில் எழும் அதிர்ச்சியை முழங்காலும் இடுப்பும் முதுகெலும்பும் வழியிலேயே உறிஞ்சிவிடுகின்றன. கண்ணும் மூளையும் குலுங்காதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. தலைக்கு வந்து சேர்வது சிறு பங்குதான். வடிகட்டிய காப்பியைக் குடித்துவிட்டுத் தூளின் எடையைச் சொல்வது போன்றது இந்த அளவீடு.

பந்தய விதிகளும் வேடிக்கையானவை. அடி உணரும் கருவியையும் இதயத் துடிப்பு மானியையும் உலகத் தடகள அமைப்பு அனுமதிக்கிறது. பிறரோடு தொடர்புகொள்ள முடியாததாக இருந்தால் போதும். வானொலி, கைப்பேசி போன்றவற்றுக்குப் போட்டிக் களத்தில் இடமில்லை. இரண்டையும் ஒரே கூட்டில் அடைத்த ஹெட்போன் வெளியே நிற்க வேண்டியதுதான். பாட்டின் தாளத்துக்கே கால்வைத்துப் பழகியவன் பந்தயத்தில் எதைக் கேட்டு ஓடுவான்?

உப்புக் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் நீர்த்தடுப்புத் தரம் நல்ல தண்ணீரில் சோதித்துத் தரப்படுவது. கடல் நீரைப் பற்றி அது ஒன்றும் கூறவில்லை. அலையோசையை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டுவதும் தீது. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்.

அக்காள் மகனிடம் கருவியைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. நிமிடத்துக்கான அடி எண்ணிக்கையை மட்டும் அதனிடம் கேட்கச் சொன்னேன். தூரத்துக்கு, அலை நனைத்த கெட்டி மணலில் 200 மீட்டர் அளந்து இரண்டு கழிகள் நட்டோம். முதலில் வலைக்கயிற்றால் அளக்கப் பார்த்தான். நைலான் கயிறு இழுக்க இழுக்க நீளும் என்று சொல்லி, கொத்தனாரிடம் அளவு நாடா வாங்கிவரச் செய்தேன். நான்கு முறை போய்வந்தால் 1600 மீட்டர். இப்போது வாரத்தில் இரண்டு நாள் பள்ளி மைதானத்துக் கட்டாந்தரையிலும் ஓடுகிறான். ஹெட்போன் அன்று என் சட்டைப் பையில் இருக்கும், கையில் கடிகாரம்.