ஆனந்த குமாரசுவாமியும் சித்தாந்த முத்தியும்

கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி (1877–1947), சிவன் கூத்தினை விளக்கும் 1918ஆம் ஆண்டு ஆங்கில நூலில் ‘உண்மை விளக்கம்’ முதலிய சித்தாந்த நூல்களைச் சான்றாக்கி, உயிர்களைக் கட்டினின்று விடுவித்தலைக் கூத்தின் நோக்கமாகக் கண்டார். 1944ஆம் ஆண்டுக் கட்டுரையிலோ சங்கரரை அடியொற்றிப் பிறவிதோறும் உழல்பவன் இறைவன் ஒருவனே என்றார். அங்ஙனமாயின் விடுதலை பெறுவது யார்?

தன்முனைப்பு ஒழிதலே வீடு என்பதில் மெய்கண்டாரும் அவரும் உடன்படுவர். முனைப்பு ஒழிந்தபின் எஞ்சுவது எது என்பதிலேயே பிணக்கு. மெய்கண்டார் நெறியில் உயிர் அநாதி; அதன் அறிவு சார்ந்ததன் வண்ணமாவது; மலத்தைச் சார்ந்து மயங்கிய உயிரே சிவத்தைச் சார்ந்து தெளிகிறது, அழிவதில்லை. இறைவனே உழல்பவன் எனின் ஆணவம் அவனையும் பற்றியதாக முடியும். இதனைச் சித்தாந்தம் ஏலாது. மரபுகள் அனைத்தும் ஒரே மெய்ம்மையைப் பேசுகின்றன என்னும் குமாரசுவாமியின் கோட்பாடு இவ்விடத்தில் தடைப்படுகிறது. பிளேட்டோவின் நினைவுகூரல் கொள்கையை ஒப்புமை காட்டுவது இவ்வினாவிற்கு விடையாகாது.