தம்பூராவும் தப்பும்

மார்கழிப் பௌர்ணமி தொட்டு வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாத மலைக்கு ஏறுவோரால் நல்லதண்ணி இரவெல்லாம் விழித்திருக்கும். கடைகள், விளக்குகள், ஒலிபெருக்கிகள் என ஊர் திருவிழாக் கோலம் பூணும். யாத்திரைக் காலம் முடிந்ததும் எஞ்சுவது தேயிலை மலையும் லயங்களும் மழையுந்தான். அந்த லயங்களில் ஒன்றிலே பிறந்து, என்னிடம் சில காலம் படித்த இளைஞர் ஒருவர், பரிமாற்றத் திட்டமொன்றின் கீழ் உதவித்தொகை பெற்றுச் சங்கீதம் பயிலச் சென்னைக்குச் சென்று திரும்பினார். அவர் கண்டதையும் கேட்டதையும் முன்வைத்து, அந்தத் திட்டங்களைப் பற்றிச் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

'பரிமாற்றம்' என்ற சொல்லைக் கேட்டாலே மலையகத்தானுக்கு ஒரு கணம் நெஞ்சு துணுக்குறும். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று இரு அரசுகள் எங்களைப் பங்கிட்டுக் கொண்டன. பாடிய வாய்களும் கொட்டிய கைகளும் அன்று கப்பலேறின. இப்போது பேசப்படுவது கலைப் பரிமாற்றம். இதில் யார் கொடுக்கிறார், யார் பெறுகிறார் என்பதே நம் கேள்வி.

பெற்றதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதை மறைப்பது நேர்மையாகாது. சுருதியிலே நிற்பது எவ்வாறென்பதை அந்த இளைஞர் அங்கேதான் கற்றார். சரளி வரிசையை மூன்று காலத்திலும் மாதக்கணக்கில் பாடிப் பாடிக் குரலில் பதித்துக் கொண்டார். மார்கழி மாதத்தில் சபைகளின் பிற்பகற் கச்சேரிகளுக்குக் கட்டணமின்மையால், மத்தியான உணவைக் கூட விட்டு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே சென்று கேட்டார். குளிரில் வளர்ந்த உடம்பு சென்னை வெயிலில் துவண்டது. பாட்டன் பிறந்த மண்ணிலே, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் வரிசையில் நின்றார். இலங்கையிலிருந்து வந்தவர் என்றதும், "யாழ்ப்பாணமா?" என்று கேட்பார்கள். பேச்சைக் கேட்டபின், "எங்க ஊர்த் தமிழ் மாதிரியே இருக்கே!" என்று வியப்பார்கள். அந்தத் தமிழ் எங்கிருந்து கப்பலேறியது என்பதை விளக்கி அவருக்கு நாக்கு வறண்டது.

ஒருநாள் மாலை, விடுதியில், மாசி மாதத்து நினைவில் காமன் கூத்தின் தப்படி ஒன்றை மேசை மீது தட்டினாராம். அறைத்தோழர் சிரித்துக்கொண்டே, "சாவு மேளமா?" என்று கேட்டார். மறுநாள் இதை ஆசிரியரிடம் சொன்னபோது, அன்பு நிறைந்த அந்தப் பெரியவர், "அதெல்லாம் வேறு துறை அப்பா, கை கெட்டுப் போகும்" என்றார். அதன் பின் இரண்டு ஆண்டுகள் அந்த இளைஞர் மேசையைத் தட்டவில்லை.

கை கெட்டுப் போகுமா என்பது சங்கீதம் பற்றிய கேள்வியன்று. சாதி பற்றிய கேள்வி. தோட்டத்துத் தப்பின் கதையை அறிந்தவர்க்கு இது விளங்கும். விடியுமுன் பெரட்டுக்கு ஆள் கூட்டுவதற்காக அடிக்கப்பட்டதும் அதே தப்புத்தான். துரையின் கடிகாரமாக அது ஒலித்தது. அதை அடிக்கும் கடமை சாதியின் பெயரால் சில குடும்பங்களின் தோளில் ஏற்றப்பட்டது. சாவு வீட்டிலும் அவர்களே நின்றார்கள். ஆனால் மாசி மாதத்தில் மன்மதனும் ரதியும் ஆடும்போது, துரைக்காக ஒலித்த அதே தோற்கருவி தொழிலாளியின் இரவை ஆண்டது. இத்தனை பொருளைத் தாங்கும் இசைக்கருவியைச் 'சாவு மேளம்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட முடிகின்றதெனில், குறை காதில் இல்லை.

இரு கரைகளுக்கும் இடையே இசைப் போக்குவரத்துப் புதிதன்று. சிதம்பரத்தில் 1929இல் இசைக் கல்லூரி தோன்றிய பின் 'சங்கீத பூஷணம்' பட்டத்தோடு ஈழம் திரும்பியோர் பலர். மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் இசைக் கல்லூரிக்கு மகாராஜபுரம் சந்தானம் அதிபராக வந்தார். மாணவர் சென்றனர், ஆசிரியர் வந்தனர். பாடத்திட்டம் மட்டும் எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்தது. விதிவிலக்கு ஒருவர் உண்டு. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் யாழ்நூலை அரங்கேற்றித் தமிழகத்துக்கே இசை ஆராய்ச்சியைக் கொடுத்தார். ஆயினும் அவர் மீட்டது பழந்தமிழரின் யாழ். உயிரோடிருக்கும் தோட்டத் தொழிலாளியின் தப்புக்கு அத்தகைய ஆராய்ச்சி இனித்தான் வேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அந்தச் சொற்களுக்குரிய மெட்டையும் அடியையும் எழுதி வைப்பது சங்கீதம் கற்றவர் கடமை.

1904இல், புடாபெஸ்ட் கல்லூரியில் தேர்ந்த இளைஞர் பேலா பார்த்தோக், பணிப்பெண் ஒருத்தி பாடியதைக் கேட்டு அதை எழுதி வைத்துக் கொண்டார். அங்கிருந்து தொடங்கியது அவரது குடியானவர் பாடல் தேடல். கல்லூரிப் பயிற்சியை அவர் தூக்கி எறியவில்லை. அதைக் கொண்டே அந்தப் பாடலை எழுதினார். கர்நாடக இசை நிலப்பிரபுத்துவத்தின் எச்சம், அதை விட்டொழியுங்கள் என்று கூறும் என் தோழர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். (அவர்களுள் பலர் வீட்டில் தியாகராஜ கீர்த்தனை கேட்பதை நான் அறிவேன்!) இந்திய அரசு 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ வழங்கியது மகிழ்ச்சியே. ஆனால் விருது வேறு. தம்பூராவுக்குப் பக்கத்தில் தப்புக்கும் ஓர் இடம் விட்டு வகுப்பெடுப்பது வேறு. உதவித்தொகை வழங்குவோர் மாணவனின் பரீட்சைச் சான்றிதழைக் கேட்கிறார்கள். அவன் ஊரிலிருந்து எதைக் கொண்டு வருகிறான் என்றும் கேட்டால் என்ன?

அந்த இளைஞர் திரும்பி வந்த முதல் மாசியில், காமன் கூத்துக்குத் தப்படிக்கும் தம் மாமாவின் அருகில் அமர்ந்தார். திச்ர நடை என்று எண்ணிக் கையில் தாளம் போடத் தொடங்கினார். மூன்றாவது சுற்றில் கை தவறியது. மாமா அடிப்பதை நிறுத்தி, "ஏம்ப்பா, நீ அங்க படிச்ச தாளத்துல இதுக்கு என்னா பேரு?" என்று கேட்டார். இளைஞருக்கு விடை தெரியவில்லை. தப்பை நெருப்பில் காய்ச்சி மீண்டும் ஒருமுறை அடிக்கும்படி கேட்டுக் கொண்டு, குறிப்பேட்டை எடுத்தார். இதுவரை 11 அடிகளை எழுதி முடித்திருக்கிறார். மாமாவுக்கு வயது 73.