அக்கிலீசின் சினமும் தாவீதின் அழுகையும்

உடல் வீடு திரும்பியும் உள்ளம் போர்முனையிலேயே நின்றுவிட்ட படைவீரரைப் பற்றி அமெரிக்க மனநல மருத்துவர் ஜோனதன் ஷே இரு நூல்கள் எழுதியுள்ளார். ‘வியட்நாமில் அக்கிலீசு’ 1994-இலும், ‘அமெரிக்காவில் ஒடிசியசு’ 2002-இலும் வெளிவந்தன. பாஸ்டன் நகரில் வியட்நாம் போர் கண்டவர்களுக்குப் பல்லாண்டுகள் மருத்துவம் செய்த இவர், அவர்தம் வாய்மொழியை ஓமரின் காப்பியங்களோடு அருகருகே வைத்துப் படிக்கிறார். கொங்கு நாட்டு ஆயருக்கு இவற்றால் பயன் என்ன என்று வினவலாம். மதராஸ் படைப்பிரிவின் பயிற்சி மையம் அமைந்த வெலிங்டன், மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் வந்துவிடும். சூலூரில் விமானப்படைத் தளம் உள்ளது. ஓய்வுபெற்ற ‘மிலிட்டரிக்காரர்’ நம் சபைகளுக்குப் புதியவர் அல்லர். பஞ்சாலையின் வாயிலிலும் வங்கியின் வாயிலிலும் காவல் நிற்கும் அவரை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர் இரவில் உறங்குகிறாரா என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

ஷேயின் வாதம் எளிது. வீரனைச் சிதைப்பது அச்சம் மட்டுமன்று. அதிகாரத்தில் இருப்பவர், உயிர் பணயமாக இருக்கும் வேளையில், ‘இதுவே முறை’ என்று வீரன் நம்பியதை மீறும்போது முதல் முறிவு நேர்கிறது. அகமெம்னன் அக்கிலீசின் பரிசைப் பறித்தது அத்தகையது. பின்னர் நெருங்கிய தோழன் சாகிறான், அழுவதற்கு இடமில்லை, துயரம் வெறியாக மாறுகிறது. இத்தகைய புண் மருந்தால் மட்டும் ஆறுவதில்லை என்கிறார். நடந்ததைச் சொல்வதற்கு நம்பத்தக்க செவிகள் வேண்டும். கேட்போர் தாங்க வல்லவராக, குறுக்கே நியாயத்தீர்ப்புச் சொல்லாதவராக இருத்தல் வேண்டும். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்நோய்க்குப் பெயரிட்டுத் தன் கையேட்டில் சேர்த்தது. ஷேயோ அதனை நோய் என்பதைவிடக் காயம் என்றே சொல்ல விரும்புகிறார். கேட்கும் சமூகம் ஒன்று வேண்டும் என்று மருத்துவர் ஒருவர் எழுதும்போது, திருச்சபை சற்று நாணித்தான் படிக்கவேண்டியிருக்கிறது.

இவ்வாதத்தை நம்மிடையே உரசிப் பார்க்க ஒரு கல் உண்டு. 1987 சூலை உடன்பாட்டின்படி அமைதி காக்க இலங்கை சென்ற இந்தியப் படை, அவ்வாண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரிடும் படையாயிற்று. 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் மாண்டனர். தமிழ் பேசும் வீரர், தமிழ் பேசும் ஊருக்குள் துப்பாக்கியோடு நுழைய நேர்ந்தது. அமைதி காக்க என்று அனுப்பிவிட்டுப் போரிடுக என்று பணித்தவர்களிடம் ஷே அகமெம்னனைக் காண்பார். 1990 மார்ச்சில் எஞ்சிய படை சென்னைத் துறைமுகம் வந்திறங்கியபோது அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. தமிழர் சிந்திய இரத்தமே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அக்காரணத்தை எளிதில் தள்ளிவிடவும் இயலாது. 1987 அக்டோபர் 21, 22 நாள்களில் யாழ்ப்பாணம் பொது மருத்துவமனையில் நோயாளரும் மருத்துவரும் செவிலியரும் அப்படையினரால் கொல்லப்பட்டனர்.

இங்கேதான் முதல் நூல் போதாமற்போகிறது. வஞ்சிக்கப்பட்ட வீரனை ஷே நன்றாக அறிவார். தானே வஞ்சித்தவனை, தான் செய்ததை நினைந்து குமைபவனை, அவ்வளவாக அறியார். அக்கிலீசின் சினத்தை விளக்கும் சட்டகத்துள் 51-ஆம் சங்கீதம் கேட்கும் இரத்தப்பழி நீக்கம் அடங்குவதில்லை. கொல்லப்பட்டவரின் வீட்டார் குரலும் நூலில் அரிதாகவே கேட்கிறது. இரண்டாம் நூலில் இக்குறை ஓரளவு சரியாகிறது. போர் முடித்தோருக்குத் தூய்மைச் சடங்கு வேண்டும் என்று அங்கே வற்புறுத்துகிறார். எண்ணாகமம் 31 கொன்றவரையும் பிணத்தைத் தொட்டவரையும் ஏழு நாள் பாளையத்துக்குப் புறம்பே நிறுத்துகிறது. 1066-இல் எஸ்டிங்சில் வென்ற நார்மானியருக்கும், கொன்ற ஒவ்வோர் ஆளுக்கும் ஓராண்டுக் கழுவாய் என்று அக்காலத் திருச்சபை விதித்தது. சீர்திருத்தச் சபையினராகிய நாம் கழுவாயை நீக்கினோம், நல்ல காரணங்களோடுதான். அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை.

முதல் நூலில் திருமறையின்மீது ஒரு குற்றச்சாட்டும் உண்டு. ஓமரின் வீரர் பகைவனை மதிக்கின்றனர். தாவீது கோலியாத் வரலாறோ பகைவனை இழிவாக்கக் கற்பிக்கிறது. அப்பழக்கமே வியட்நாமில் வீரரைக் கெடுத்தது என்பது அவர் கருத்து. 1 சாமுவேல் 17-ஐ நாம் ஞாயிறு பள்ளியில் நடத்தும் விதத்தை எண்ணினால் இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் தாவீதைப் பாதியில் விட்டுவிட்டார். தன்னை வேட்டையாடிய சவுலுக்காக 2 சாமுவேல் 1-இல் அழுபவனும் அதே தாவீதுதான். 18, 19-ஆம் அதிகாரங்களில் படையெடுத்து வந்த அப்சலோமுக்காகவும் அழுகிறான். அந்த அழுகையை அடக்குகிறவன் யோவாப். வென்ற படை வெட்கப்படுகிறது, எழுந்து வாயிலில் உட்காரும் என்கிறான். அரசியல் கண்ணோட்டத்தில் அவன் சொன்னது சரியே. தாவீது எழுந்து உட்கார்ந்தான். அழுகை முடிந்ததாகத் திருமறை சொல்லவில்லை.

நம் சபைகளில் யோவாபின் பணி இன்றும் நடைபெறுகிறது. திரும்பி வந்தவருக்குச் சால்வை போர்த்துகிறோம், ஸ்தோத்திரக் காணிக்கை வாங்குகிறோம், கர்த்தர் காத்தார் என்று சாட்சி சொல்லச் செய்கிறோம். காக்கப்படாத தோழனைப் பற்றிப் பேச அந்தச் சாட்சியில் இடமில்லை. சில ஆண்டுகளில் அவர் குடிக்கிறார் என்று தெரியவந்ததும் பேரேட்டில் வேறு பக்கம் திறக்கிறோம்.

கொங்கு மண்ணின் அண்ணன்மார் கதை இவ்வகையில் நம்மைவிட நேர்மையானது. உடுக்கடித்துப் பாடப்படும் அக்கதையில் பொன்னரும் சங்கரும் பகைவர் வாளால் மடிவதில்லை. போரை வென்றபின் தம் வாளாலேயே மடிகின்றனர். வீரப்பூரிலும் பிற ஊர்களிலும் நடக்கும் படுகளத்தில் ஆடவர் பிணம்போல் விழுந்து கிடக்க, ஊர் சுற்றி நின்று பார்க்க, தங்கையின் நீர் தெளிக்கப்பட்டு எழுகின்றனர். அக்கதை ஒரு குடியின் பக்கம் நின்றே சொல்லப்படுவது என்பதை மறக்கலாகாது. எனினும் வென்றவனும் விழுவான் என்று ஊர் அறிந்திருக்கிறது. வெறும் புறச்சமயச் சடங்கு என்று அதனை ஒதுக்கும் நம் மாணவர்கள் ஷேயின் கடைசி அதிகாரங்களைப் படித்தபின் மறுபடி பார்ப்பார்களாக.

ஆயர் மருத்துவர் அல்லர் என்பதையும் இந்நூல்கள் தெளிவாக்குகின்றன. உறக்கமின்மை, திடீர்ச் சினம், சாகும் எண்ணம் ஆகியவை தென்பட்டால் மனநல மருத்துவரிடம் தாமே உடன் அழைத்துச் செல்லவேண்டும். முன்னாள் படைவீரருக்கான மருத்துவத் திட்டம் அதற்கு உதவும். ஷே கண்ட பயன்களுள் பெரியது, ஒரே போரைக் கண்டவர்கள் ஒன்றுகூடிப் பேசியதால் விளைந்தது. ஒரே குருசேகரத்தில் அப்படி நால்வர் கிடைக்கமாட்டார்கள். பக்கத்துக் குருசேகரங்களையும் பிற சபைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். அதே பட்டாலியனில் இருந்த இந்து நண்பரும் இசுலாமிய நண்பரும் வரட்டும். முதல் கூட்டத்தில் அருளுரை வேண்டாம், தேநீர் போதும்.