எளிமை என்கிற அலங்காரம்

அலங்காரமில்லாத ஒரு பொருளைச் சேகரிக்க முடியுமா? பழைய மெக்கானிக்கல் பென்சில்களைச் சேகரிப்பவர்களில் ஒரு சாரார் இருக்கிறார்கள். பூவேலை செய்த வெள்ளியும் தங்க முலாமும் இவர்களுக்கு ஆகாது. ஒரு குழாய், ஒரு முனை, மேலே அழுத்த ஒரு பொத்தான், இவ்வளவுதான் வேண்டும். எளிமையே அழகு என்பது இவர்கள் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். நாலு பென்சில்கள் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன, மூன்று இன்னும் ஒரு வரிகூட எழுதாதவை. கொஞ்ச காலமாக இந்த ரஸனையின் மீதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

1822-ல் இங்கிலாந்தில் ஸாம்ஸன் மார்டனும் ஜான் ஐஸக் ஹாக்கின்ஸும் சீவத் தேவையில்லாத பென்சில் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார்கள். பிறகு மார்டனின் கம்பெனி வெள்ளியிலும் தங்கத்திலும் பென்சில்கள் செய்து விற்றது. விலங்கு உருவத்தில்கூடச் செய்தது. அந்த வெள்ளி விலங்கை வெளியே எடுப்பவன் எழுதப்போகிறான் என்பதைவிட அவனிடம் அது இருக்கிறது என்பதுதான் முதலில் தெரியும். இதில் பாசாங்கு எதுவும் இல்லை. நகை தன்னை நகை என்று சொல்லிக்கொள்கிறது.

இதற்கு நேர் எதிரே, 1929-ல் ஜெனீவாவில் கார்ல் ஷ்மிட் என்ற இஞ்சினியர் வடிவமைத்த ஃபிக்ஸ்பென்சில். காரன் தாஷ் கம்பெனி கொண்டுவந்தது. கம்பெனியின் பெயரே பென்சிலைக் குறிக்கும் ரஷ்யச் சொல்லிலிருந்து வந்ததுதான். பொத்தானை அழுத்தினால் முனையில் உள்ள பிடி விரியும், 2 மில்லிமீட்டர் கிராஃபைட் குச்சி தன் கனத்திலேயே கீழே இறங்கும், விட்டால் பிடி இறுகிவிடும். ஆறு பட்டை உடம்பு சாய்ந்த பலகையில் உருளாமல் இருப்பதற்காக. ஒவ்வொரு உறுப்பையும் ஏன் என்று கேட்டால் அது பதில் சொல்லும்.

மூன்றாவதாக லாமி 2000. ஹைடல்பர்க்கில் உள்ள லாமி கம்பெனிக்காக, அதற்குமுன் பிரவுனில் வேலை செய்த கெர்ட் ஏ. ம்யூல்லர் வடிவமைத்து 1966-ல் வந்த பேனா. அதே உருவத்தில் பென்சிலும் உண்டு. மாக்ரலான் என்ற பிளாஸ்டிக், கொஞ்சம் எஃகு. உடம்பின் இரண்டு பாகங்கள் சேரும் இடத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். இதைத்தான் எளிமையின் உச்சம் என்கிறார்கள்.

இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. ஃபிக்ஸ்பென்சில் வேண்டாததை விலக்கியிருக்கிறது. லாமி இருப்பதை மறைத்திருக்கிறது. தெரியாத இணைப்பைச் செய்வதற்குத் தெரிகிற இணைப்பைச் செய்வதைவிட அதிக உழைப்பு வேண்டும். அந்த உழைப்பு எழுதுகிற கைக்காக அல்ல, பார்க்கிற கண்ணுக்காக. இதைக் குறையாகச் சொல்லவில்லை, லாமி அழகான பொருள். ஆனால் விலக்கல் வேறு, மறைத்தல் வேறு. இரண்டுக்கும் எளிமை என்ற ஒரே பெயரைக் கொடுத்துவிட்டு, நம் ரஸனை நுட்பமானது என்று நாம் திருப்திப்பட்டுக்கொள்கிறோம்.

ராட்ரிங் 600 கதை இன்னும் மோசம். ஹாம்பர்க் கம்பெனி 1980களின் இறுதியில் கொண்டுவந்தது. பித்தளை உடம்பு, ஆறு பட்டை. விரல் வழுக்காமல் இருக்கப் பிடியில் சொரசொரப்பான கீறல்கள். ஸ்கேலின் விளிம்பு கண்ணுக்குத் தெரியும்படி முனையில் மெல்லிய நீண்ட குழல். உள்ளே இருக்கும் குச்சி ஹெச்.பி.யா, 2 ஹெச்சா என்று காட்டத் திருப்பி வைக்கும் வளையம். எல்லாம் டிராஃப்ட்ஸ்மேனின் தேவைகள். அது வந்த சமயத்திலேயே டிராயிங் போர்டின் இடத்தைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. இன்று அந்தக் கீறல்கள் வெறும் வேலைப்பாடு, வளையம் ஒரு ஆபரணம். உபயோகம் செத்துப்போய் உருவம் மட்டும் மிஞ்சினால் அதற்குப் பெயர் என்ன? மார்டனின் வெள்ளி விலங்கு பின்வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

ஆதாரம் வேண்டுமானால் விலையைப் பாருங்கள். 600-ல் பழையதில் ‘ஜெர்மனி’ என்று பொறித்திருக்கும், பின்னால் வந்ததில் ‘ஜப்பான்’. சேகரிப்பாளர்கள் தேடுவது முதலாவதை. வளையத்தில் உள்ள எழுத்தாவது எழுதுபவனுக்கு ஒரு தகவல் சொல்கிறது. ‘ஜெர்மனி’ காகிதத்தில் விழும் கோட்டை எந்த விதத்திலும் மாற்றாது. அலங்காரம் வேண்டாம் என்றவன், அந்தப் பொருளிலேயே தேவையற்ற ஒரே சொல்லுக்காகக் காசு கொடுக்கிறான்.

வால்டர் பெஞ்சமின் தன் நூலகத்தைப் பெட்டிகளிலிருந்து பிரித்து எடுப்பதைப் பற்றி 1931-ல் ஒரு கட்டுரை எழுதினார். சேகரிப்பவன் பொருளை அதன் உபயோகத்துக்காக நேசிப்பதில்லை என்பது அவர் பார்வை. புத்தகத்துக்கு இது பொருந்தலாம், படிக்காத புத்தகமும் புத்தகம்தான். வெறுமையான கருவிக்கு உபயோகத்தைத் தவிர வேறு அழகு கிடையாது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறுமையின் பாவனை.

பென்சிலுக்காக மட்டும் இவ்வளவு கவலைப்படவில்லை. நம் பத்திரிகைகளில் வரும் கவிதைகளிலும் இதே வியாதி தென்படுகிறது. அடைமொழி இல்லை, உவமை இல்லை, ஆறு வரி. சிக்கனம் என்கிறோம். அந்த ஆறு வரிக்குப் பின்னால் அனுபவத்தின் நெருக்கடி எதையாவது விலக்கியதா, அல்லது விலக்கப்பட்டது போன்ற தோற்றம் உண்டாக்கப்பட்டதா? இரண்டும் அச்சில் ஒரே மாதிரி இருக்கும். உரத்துப் பேசிய பழைய கவிதையாவது தன் சத்தத்தை ஒளிக்கவில்லை. மௌனத்தை ஸ்டைலாக்கிக்கொண்டவன் தன்னையும் ஏமாற்றிக்கொள்கிறான். விமர்சனம் இதைப் பிரித்துச் சொல்லவில்லை என்றால், அதுவும் பென்சில் சேகரிக்கிற வேலைதான்.

இந்த இடத்தில் ராபர்ட் வால்ஸர் ஞாபகம் வருகிறார். ஸ்விட்ஸர்லாந்துக்காரர், இளம் வயதில் பாங்கில் வேலை பழகியவர். பேனாவில் கை முடங்கிப்போய்ப் பென்சிலுக்கு மாறினார். காலண்டர் தாளிலும், வந்த கடிதங்களின் முதுகிலும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயர எழுத்தில் எழுதிக்கொண்டு போனார். 1956-ல் அவர் இறந்த பிறகு அது ரகசியக் குறியீடு என்றுகூட நினைத்தார்கள். பிறகுதான் சாதாரணக் கையெழுத்தின் மிகச் சிறிய வடிவம் என்று தெரிந்தது, வருஷக்கணக்கில் உட்கார்ந்து படித்து எடுத்தார்கள். அங்கே சிறுமை அழகுக்காக வரவில்லை. அப்படி எழுதினால்தான் அவரால் எழுத முடிந்தது. அவர் எந்தக் கம்பெனிப் பென்சில் வைத்திருந்தார் என்று கேட்க எனக்குத் தோன்றுவதில்லை.

இந்தக் கட்டுரையின் முதல் பிரதியை 600-ல் எழுதினேன். ஒரு வருஷமாக அதைத்தான் உபயோகிக்கிறேன். பட்டைகளின் விளிம்பில் கறுப்புப் போய்ப் பித்தளை தெரிகிறது. இனி அது நல்ல விலைக்குப் போகாது. பிடியில் கீறல் எதற்கு என்று இப்போது என் விரலுக்குத் தெரியும். மற்ற மூன்றையும் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் கேள்விப்பட்டதுதான்.