பிரம்பு போய் நட்சத்திரம் வந்தது

பள்ளியில் பிரம்பெடுக்க இடம் தந்திருந்த தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டது. அதற்குப் பிறகான ஆண்டுகளில் மழலையர் வகுப்பின் முகம் மாறியிருக்கிறது. பிரம்பு பின்னுக்குப் போக, புறங்கையில் சிவப்புப் பேனாவால் வரையும் நட்சத்திரம் முன்னுக்கு வந்தது. கூடவே ‘குட் பாய்’, ‘குட் கேர்ள்’, பெயர் வாரியாக ஸ்டார் ஒட்டிய சுவர்ப்பட்டியல், சமத்தாக இருந்தால் ஒரு சாக்லேட். இவை அனைத்துக்கும் சேர்த்து ‘நேர்மறை வழிகாட்டல்’ என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். அடிப்பதைவிட இது எத்தனையோ மடங்கு மேல். ஆனால் நட்சத்திரம் கொடுப்பதும் ஒரு குழந்தையை வழிநடத்துவதும் ஒன்றல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டதால், நல்ல முறையொன்றின் எளிதான பாதியை எடுத்துக்கொண்டு கடினமான பாதியைக் கைவிட்டிருக்கிறோம் என்பதே என் கருத்து.

நேர்மறை வழிகாட்டல் என்ற அந்த முறையின் வேர் வியன்னாவில் இருக்கிறது. உளவியலாளர் ஆல்ஃபிரட் அட்லரின் சிந்தனையை வீட்டுக்கும் வகுப்பறைக்கும் கொண்டுவந்தவர் ரூடால்ஃப் டிரைக்கர்ஸ். குழந்தையின் தொல்லைக்குப் பின்னால் ‘எனக்கும் இங்கே ஓர் இடம் வேண்டும்’ என்ற தேட்டம் இருக்கிறது என்று அவர் பார்த்தார். தண்டனையோடு பரிசையும் சேர்த்தே அவர் நிராகரித்தார் என்பது நம் பயிற்சிகளில் சொல்லப்படாமலே போகிறது. இரண்டிலும் கடிவாளம் பெரியவர் கையில்தான். குழந்தை தன்னைத் தானே நடத்திக்கொள்ளக் கற்பதில்லை என்பது அவர் வாதம்.

மூளையின் வளர்ச்சியும் இந்தப் பார்வைக்கு வலுச் சேர்க்கிறது. ஆசையை அடக்க, காத்திருக்க, திட்டமிட உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளை பக்கத்திலிருப்பவள் கைப் பொம்மையைப் பிடுங்குவது குணக்கேடு அல்ல. கேட்டு வாங்கும் சொல்லும், பொறுத்திருக்கும் திறனும் இன்னும் கைவரவில்லை, அவ்வளவுதான்.

முறையின் உண்மையான பலம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. அங்கன்வாடியில் மதியச் சோற்றுக்கு முன் கை கழுவும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே குழாய், ஒரே வாளி. இருபது பிள்ளைகளை ஒருசேர வரிசையில் நிறுத்தினால் நாலைந்து பேருக்கு வேலை இருக்கும், மற்றவர்கள் வெறுமனே நிற்பார்கள். பசியோடு நிற்கும் பிள்ளை தள்ளும், தள்ளப்பட்டது அழும், யாராவது ஒருவன் ‘சேட்டைக்காரன்’ என்று பெயர் வாங்குவான். இங்கே திருத்த வேண்டியது பையனை அல்ல, வரிசையை. ஐந்து ஐந்து பேராக அனுப்பி, மீதிப் பேரைப் பாட்டுப் பாட வைத்துவிட்டால் அன்றைய சண்டையில் பெரும்பகுதி பிறப்பதே இல்லை. எல்லோரும் அடித்துக்கொள்ளும் பொம்மையில் இரண்டாவது ஒன்று வைப்பது, ‘ஓடாதே’ என்று கத்துவதற்குப் பதில் ‘மெதுவா நடந்து வா கண்ணு’ என்று செய்ய வேண்டியதைச் சொல்வது, விளையாட்டை வெடுக்கென்று நிறுத்தாமல் ‘இன்னும் ஒரு பாட்டு, அப்புறம் எடுத்து வைக்கலாம்’ என்று முன்கூட்டியே தெரிவிப்பது — எல்லாம் இதே வகைதான். கடித்துவிட்டால் முதலில் கடிபட்ட பிள்ளையிடம் போக வேண்டும். கடித்தவனுக்கு அது இரண்டு பாடம் சொல்கிறது: வலி கவனிக்கப்படும், கடித்தால் டீச்சர் தன்னிடம் ஓடி வரமாட்டார். இவற்றில் எதற்கும் பரிசு தேவையில்லை, தேவைப்படுவது முன்யோசனைதான்.

நட்சத்திரத்தின் கதை வேறு. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் நடந்தது. ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளையே தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம் ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முதலிலேயே சொன்னார்கள். தங்க நட்சத்திரமும் சிவப்பு ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் அது. இன்னொரு பகுதியினருக்குச் சொல்லாமல் கொள்ளாமல் பிறகு கொடுத்தார்கள். மூன்றாம் பகுதியினருக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து, யாரும் எதுவும் சொல்லாத விளையாட்டு நேரத்தில் பார்த்தால், பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பெற்றவர்களின் ஆசை குறையவில்லை. கெடுதல் பரிசுப் பொருளில் இல்லை, முன்கூட்டியே பேசிய பேரத்தில் இருந்தது.

1939 முதல் போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி, சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி தன் ரோமாபுரிப் பள்ளியில் கண்டதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு பையனுக்கு வெள்ளிச் சிலுவையைப் பரிசாக அணிவித்திருந்தார்கள். இன்னொருவனைத் தண்டனையாக நடுக்கூடத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வேலை மும்முரத்தில் முதல் பையன் சிலுவையைக் கீழே போட்டுவிட்டான். உட்கார்ந்திருந்தவன் எடுத்து, ‘நான் போட்டுக்கொள்ளட்டுமா?’ என்று கேட்க, ‘போட்டுக்கோ’ என்று முதல் பையன் சொல்லிவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டான். வேலையில் மூழ்கிய பிள்ளைக்குப் பதக்கம் பொருட்டில்லை. வேலை இல்லாமல் உட்கார வைக்கப்பட்டவனுக்குத்தான் அது வேண்டியிருந்தது.

பரிசை அடியோடு ஒதுக்கவும் நான் சொல்லவில்லை. இயல்பாக ஆசை வராத காரியங்களில், உதாரணமாகக் கழிவறைப் பழக்கத்தில், சிறிய ஊக்கம் சில நாட்களுக்கு உதவும். சுவர்ப்பட்டியலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தன் பெயருக்கு நேரே மட்டும் கட்டம் காலியாக இருப்பதை நாலு வயதுப் பிள்ளை தினமும் பார்க்கிறது. கூட்டிப்போக வரும் அம்மாவும் பார்க்கிறார், மற்ற அம்மாக்களும் பார்க்கிறார்கள். அது அவமானம். பிரம்படியின் தழும்பைப் போலன்றி இது கண்ணுக்குத் தெரியாததால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

மிரட்டலும் பழைய இடத்திலேயே இருக்கிறது. வீட்டில் பூச்சாண்டி, பள்ளியில் ‘ஊசி போட்டுடுவாங்க’, ‘அம்மாகிட்ட அனுப்ப மாட்டேன்’. ‘வாயில் விரல்’ என்றதும் வகுப்பே உதட்டில் விரல் வைத்து உறைந்து நிற்பதை ஒழுக்கம் என்று பார்வையாளருக்குக் காட்டுகிறார்கள். பேச்சு வளர வேண்டிய வயதில் பேசாமல் இருப்பதையே சாதனையாக்குவது எனக்கு வேதனை தருகிறது. பொய் வாக்குறுதிகளின் கேடும் குறைத்து எண்ணத்தக்கதல்ல. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் செய்த சோதனையில், சொன்னபடி நல்ல வண்ணப் பொருட்களைக் கொண்டுவந்து தந்த பெரியவரிடம் பிள்ளைகள் இனிப்புக்காகச் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். சொல்லிவிட்டு ஏமாற்றியவரிடம் மூன்று நிமிடம்தான். 28 பிள்ளைகள் மட்டுமே பங்கெடுத்த சிறிய சோதனை அது. ஆனாலும் பொறுமை பிள்ளையின் குணம் மட்டுமல்ல, பெரியவரின் நாணயத்தையும் பொறுத்தது என்பதை அது காட்டுகிறது.

இனி, முறையின் சொந்தக் குறைகள். முதலாவது, அதிகப் பேச்சு. மூன்று வயதுப் பிள்ளை தேம்பி அழும்போது காரண காரியங்களை விளக்கிக்கொண்டிருப்பதால் பயனில்லை. மடியில் இருத்தி முதுகைத் தடவிவிடுவது போதும். இரண்டாவது, போலித் தெரிவுகள். ‘சிவப்புத் தட்டா, பச்சைத் தட்டா’ என்று கேட்பது நல்ல உத்திதான். ஆனால் முடிவு முன்பே எடுக்கப்பட்ட விஷயத்தில் ‘வர்றியா, வரலையா?’ என்று கேட்டுவிட்டு, ‘வரலை’ என்றதும் கையைப் பிடித்து இழுத்துப் போவது ஏமாற்று வேலை. மூன்றாவது, ‘முடியாது’ என்ற சொல்லையே தவிர்க்க வேண்டும் என்ற தவறான புரிதல். கல்லெறியும் கையை உடனே பிடித்துத்தான் ஆக வேண்டும். அங்கே மென்மை வேண்டியது குரலில், எல்லையில் அல்ல.

நான்காவது குறை இன்னும் தீவிரமானது. நடத்தையெல்லாம் சூழலாலும் அன்பாலும் சீராகிவிடும் என்ற நம்பிக்கை சில பிள்ளைகளைக் கைவிட்டுவிடுகிறது. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது கேட்காமல் இருக்கலாம். ஓயாமல் கடிக்கும் பிள்ளைக்குப் பேச்சு வராமல் இருக்கலாம், ஆட்டிசம் இருக்கலாம். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. டீச்சர் கவனித்ததை எழுதி வைத்து அந்தக் குழுவிடம் சொல்வதும் வழிகாட்டலின் ஒரு பகுதி என்று நம் பயிற்சிகள் அழுத்திச் சொல்ல வேண்டும்.

சட்டம் இந்த வயதைப் பாதியில் விட்டிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடியையும் மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் கணக்கில் ‘குழந்தை’ என்றால் ஆறு முதல் பதினான்கு வயது. எல்கேஜி பிள்ளை அதற்குள் வராது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் இழைக்கும் கொடுமைக்குச் சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. அது கொடுமை நடந்து முடிந்த பிறகு வருவது. பெற்றோர் பக்கமோ, ‘கண்ண மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்’ என்ற பழைய உரிமம் இன்னும் முழுதாகத் திரும்பப் பெறப்படவில்லை. அடிக்காத டீச்சரைக் கண்டிப்பில்லாதவர் என்று சொல்லும் ஊரில், அடிக்காமல் இருக்கவே ஒரு துணிவு வேண்டியிருக்கிறது.

அங்கன்வாடியில் அந்த டீச்சரின் ஒரு நாள் எப்படிப் போகிறது? எடை பார்த்துப் பதிவது, போஷன் டிராக்கர் செயலியில் ஏற்றுவது, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு வழங்குவது, வீடு வீடாகப் போவது. வாக்காளர் பட்டியல் வேலையும் பலர் தலையில் விழுகிறது. உதவியாளர் அடுப்படியில் இருப்பார். மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் இருபது பேருக்கு ஒரு பெரியவர் என்பது 2013ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் கல்விக் கொள்கை விரும்பிய விகிதம். பதிவேட்டில் அந்த ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் நடுவே தரையில் உட்கார்ந்திருப்பவராக அவர் இருக்க முடிவதில்லை. மேலே சொன்ன கை கழுவும் ஏற்பாட்டுக்குக்கூட ஒருவர் குழாயடியில் நிற்கவும் ஒருவர் பாட்டுச் சொல்லவும் வேண்டும். தனியாளாக நிற்பவர் ‘வாயில் விரல்’ என்று சொல்வதை நான் குற்றம் சொல்லத் தயங்குகிறேன். நட்சத்திரமும் மிரட்டலும் ஆள் பற்றாக்குறையின் கருவிகள்.

தமிழ்நாட்டின் 320 அங்கன்வாடிகளைக் கொண்டு அலெஹாந்திரோ கானிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் நடத்திய பெரிய ஆய்வில், சில மையங்களுக்கு மட்டும் அரைநாள் பணிக்கு, முன்பருவக் கல்வியைக் கவனிக்கவென்றே, கூடுதலாக ஒருவரை அமர்த்தினார்கள். அந்த மையங்களில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. கணக்கும் மொழியும் மேம்பட்டன; பழைய பணியாளருக்கு நேரம் கிடைத்ததால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுகூடக் குறைந்தது. பிள்ளைகள் எத்தனை முறை கடித்தார்கள், தள்ளினார்கள் என்பது அந்த ஆய்வின் கேள்வியல்ல. ஆனால் கடிப்பதற்கு முன்பே பார்த்துவிடுகிற ஒரு ஜோடிக் கண் அங்கே கூடியிருக்கிறது. மாநிலத்தில் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளைத் தொடங்கி 2019இல் அரசு ஒரு படி எடுத்து வைத்தது. அங்கன்வாடிகளோ 54 ஆயிரத்துக்கும் மேல். நேர்மறை வழிகாட்டல் பற்றி டீச்சர்களுக்கு இன்னொரு நாள் பயிற்சி அறிவிக்கும் முன்பு, அந்த அரைநாள் பணியிடத்தை ஒவ்வொரு மையத்திலும் அரசு நிரப்பட்டும்.