பம்பை மாற்றுவதற்கு முன் நான்கு பாட்டில்கள்

டீசல் கார் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் திணறினால் ஒர்க்‌ஷாப்பில் முதலில் ஸ்கேனரைச் செருகுகிறார்கள். ரெயில் பிரஷர் குறைவு என்று வருகிறது. உடனே ஹை பிரஷர் பம்ப் போய்விட்டது என்கிறார்கள். பல பேர் நல்ல பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெருந்தொகை செலவழித்திருக்கிறார்கள். அதைத் தடுக்கக்கூடிய ஒரு சோதனைக் கிட்டை, சாலினாய்டு இன்ஜெக்டர்கள் கொண்ட நான்கு சிலிண்டர் காமன் ரெயில் காரில் போட்டுப் பார்த்தேன். பெட்டிக்குள் ஒரு லோ பிரஷர் கேஜ், உள்ளே ஓடுவது தெரியும் ஹோஸ்கள், அளவுக்கோடு போட்ட நான்கு பாட்டில்கள். ப்ளூடூத் ஓபிடி அடாப்டரைத் தனியாக வாங்கினேன்.

கேஜ் நன்றாக இருக்கிறது. பூஜ்ஜியத்துக்குக் கீழேயும், அதாவது வேக்குவமும் காட்டுவது இதன் பெரிய பலம். டேங்குக்குள் மின்பம்ப் உள்ள வண்டிகளில் ஃபில்டருக்குப் பிறகு சில பார் அழுத்தம் வர வேண்டும். ஹை பிரஷர் பம்போடு சேர்ந்த கியர் பம்ப் டீசலை உறிஞ்சும் வண்டிகளிலோ அங்கே அழுத்தமே இருக்காது. உறிஞ்சல்தான் இருக்கும். ஃபில்டர் அடைத்தால் முள் இன்னும் கீழே இறங்கும். ஹோஸில் குமிழி ஓடினால் எங்கோ காற்று புகுகிறது.

அடாப்டர் சுமார்தான். ஐடிலில் ரெயில் பிரஷரை 30,000 கிலோபாஸ்கல் என்று காட்டியது. நூறால் வகுத்தால் 300 பார், சரியான அளவு. ஆனால் ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கியதும் இணைப்பு அறுந்துவிடுகிறது. இன்ஜின் பற்றிக்கொள்ள 200 பார் அளவுக்காவது ஏற வேண்டிய அந்த நேரத்தைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

பாட்டில்கள்தான் இந்தக் கிட்டின் உயிர். இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் ஹோஸ்களைக் கழற்றி, வண்டிப் பக்க வாயை அடைத்து, ஒவ்வொன்றையும் ஒரு பாட்டிலில் விட வேண்டும். ஐடிலில் சற்று ஓடவிட்டதும் மூன்று பாட்டில்கள் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நின்றன. மூன்றாம் சிலிண்டரின் பாட்டில் மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பு. பம்ப் ஏற்றிய அழுத்தம் தேய்ந்துபோன அந்த ஒரே இன்ஜெக்டர் வழியாக டேங்குக்கே திரும்பிக்கொண்டிருந்தது. ஸ்கேனருக்கு அழுத்தம் குறைவது மட்டும்தான் தெரியும், யார் குறைக்கிறார்கள் என்று தெரியாது. டீசல் பம்ப் கடையில் அந்த இன்ஜெக்டரைச் சரிசெய்து மாட்டியதும் வண்டி முதல் சுற்றிலேயே பற்றியது. பம்பைத் தொடவே இல்லை.

கிட்டோடு வரும் விளக்கத்தாளில் பாதுகாப்பு பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்தக் கேஜை ரெயில் பக்கம் ஒருபோதும் மாட்டக் கூடாது. ஓடும் இன்ஜினில் ஹை பிரஷர் பைப்பின் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது பழைய இன்லைன் பம்ப் காலத்துப் பழக்கம், காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேல் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிறு துளைபோலத் தெரிந்தாலும் அது அறுவைச் சிகிச்சைக்குரிய அவசரம். சில பீசோ இன்ஜெக்டர்களுக்கு ரிட்டர்ன் லைனில் அழுத்தம் இருந்தே ஆக வேண்டும் என்பதால் அவற்றில் திறந்த பாட்டில் உதவாது.

சொந்தமாகக் கை வைப்பவர்களும் சிறு ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர்களும் தயங்காமல் வாங்கலாம். பணம் கொடுக்குமுன் உங்கள் இன்ஜெக்டரின் ரிட்டர்ன் முனைக்குப் பொருந்தும் கனெக்டர் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.